டிரான்சிஸ்டர் மேட்சிங்: பொருத்துவதா, ஜோடி சேர்ப்பதா?

“இரண்டு டிரான்சிஸ்டர்களையும் முதலில் பொருத்திக்கொள்ளவும், பிறகு பலகையில் பொருத்தவும்.” ஆம்ப்ளிஃபயர் செய்முறைத் தமிழாக்கங்களில் இந்த மாதிரி வாக்கியத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. முதல் ‘பொருத்து’ மேட்சிங்காம், அதாவது ஒத்த அளவு காட்டும் இரண்டைத் தேர்ந்தெடுப்பது; இரண்டாவது சால்டரிங்காம், அதாவது சர்க்யூட் பலகையில் பற்றவைப்பது. புதிதாகக் கற்பவர் இரண்டையும் சேர்த்துப் பற்றவைத்தால் யார் மேல் குற்றம்?

‘மேட்ச்’ என்பதன் பழைய ஆங்கில வேருக்குத் துணை, ஜோடியில் ஒன்று என்று பொருள். தீக்குச்சி மேட்ச் வேறு வேர். டிரான்சிஸ்டர் என்பது 1948இல் பெல் ஆய்வகத்தில் ஜான் பியர்ஸ் சூட்டிய பெயர். வேர்க்கதை இவ்வளவுதான்.

சிலர் ‘பொருந்திய இணை’ என்று திருத்துகிறார்கள். பிறவினை தன்வினையானது நல்லதுதான், ஆனால் சிக்கல் தீரவில்லை. பிசி547, பிசி557 என்ற இரண்டு டிரான்சிஸ்டர் வகைகளும் கல்யாணப் பொருத்தம் மாதிரி அழகாகப் பொருந்தும். ஆனால் ஒன்று என்பிஎன், மற்றது பிஎன்பி; கரண்ட் ஓடும் திசையே எதிரெதிர். இரண்டு சிக்னல்களின் வித்தியாசத்தைப் பெருக்கும் டிஃபரன்ஷியல் ஜோடிக்கு வேண்டியது அச்சு அசலாக ஒத்த இரண்டு. ஒரே பிசி547சி சரக்கிலேயே கெயின், அதாவது கரண்டைப் பெருக்கும் மடங்கு, 420 முதல் 800 வரை எங்கும் இருக்கலாம். கெயின் ஒத்தாலும் போதாது. டிரான்சிஸ்டரின் மூன்று கால்களான கலெக்டர், பேஸ், எமிட்டரில் முதல் இரண்டையும் சேர்த்து, 9 வோல்ட்டிலிருந்து 10 கிலோ ஓம் வழியாகக் கரண்ட் கொடுத்து, பேஸ்–எமிட்டர் வோல்டேஜை மில்லிவோல்ட் வரை படிக்க வேண்டும். 1 மில்லிவோல்ட் விலகினால் கரண்ட் சுமார் 4 சதவீதம் விலகும். கையால் தொட்டதுமே சூட்டில் அளவு இறங்கும், டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட். ஆறவிட்டுத்தான் குறிக்க வேண்டும். ஒத்த அளவு காட்டுபவற்றை ஜோடியாக எடுத்துவைக்கிறோம். இந்த வேலையில் ‘பொருத்துதல்’ எங்கே வந்தது?

‘ஒத்த இணை’ என்று சொன்னால் என்ன குறை என்பார்கள் தூய தமிழ் அன்பர்கள். மின்னியலில் இணை என்றதும் பேரலல் இணைப்புதான் நினைவுக்கு வரும். குழப்பம் இன்னொரு வாசல் வழியாக உள்ளே வரும். எனவே என் ஓட்டு ‘ஒத்த ஜோடி’க்கு, வினைக்கு ‘ஜோடி சேர்த்தல்’. ஜோடி வெளியிலிருந்து வந்த சொல்தான். செருப்புக்கும் வளையலுக்கும் ஆகிற சொல் டிரான்சிஸ்டருக்கு ஆகாதா?

மொழிபெயர்ப்பவர்கள் சோதித்தலையும் இதோடு ஒன்றாக்கிவிடுகிறார்கள். சோதித்தால் உயிர் இருக்கிறதா, செத்ததா என்று தெரியும். அதற்கு மல்டிமீட்டரின் டையோடு நிலை போதும். சோதனையில் தேறியது என்பதால் இரண்டும் ஜோடி ஆகிவிடாது. அகராதியைப் புரட்டுகிற கை ஒருமுறையாவது மீட்டர் முனையைப் பிடித்திருந்தால் இந்த வாக்கியங்கள் பாதி அச்சுக்கே போயிருக்காது.