கார் கதவில் தெரியும் வானம்

போன மே மாதம் என் மச்சான் தன்னுடைய கறுப்பு மாருதியை விற்க நினைத்து, "நாலு நல்ல படம் எடுத்துக் கொடுங்க மாமா" என்றார். வேலூர்க் கோட்டை அகழி ஓரமாக வண்டியை நிறுத்தினோம், உச்சி வெயில். படத்தைப் பார்த்தால் பானெட்டில் கண் கூசும் வெள்ளைத் திட்டு, கதவில் எதிர்க் கடையின் பந்தல், பந்தலுக்கு நடுவே மஞ்சள் சட்டையோடு நான்.

பின்னால் இருந்த கோட்டைச் சுவர் மட்டும் அழகாக விழுந்திருந்தது. கருங்கல் சொரசொரப்பானது, மேலே விழும் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். காரின் பெயிண்டுக்கு மேலே நிறமில்லாத வழவழப்பான பூச்சு ஒன்று உண்டு. அது கண்ணாடி மாதிரி, ஒளி எந்தக் கோணத்தில் வருகிறதோ அதே கோணத்தில் திருப்பி அனுப்பும். கறுப்பு பெயிண்ட் தன் பங்குக்கு வெளிச்சம் எதையும் தருவதில்லை என்பதால், அதில் நாம் பார்ப்பது பெரும்பாலும் சுற்றியிருக்கும் உலகத்தைத்தான். கார் படம் எடுப்பதில் பாதி வேலை, காருக்கு எதிரே என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது.

அதனால்தான் சாயங்காலம். சூரியன் மறைந்த அடுத்த கால் மணி நேரம் மேற்கு வானம் முழுவதும் ஒரே பெரிய விளக்காக எரிகிறது. அடிவானத்தில் பளிச்சென்று, மேலே போகப் போக மங்கலாக. அந்த ஏற்ற இறக்கம் அப்படியே கதவின் வளைவில் படியும்போதுதான் தகடு எங்கே உப்பியிருக்கிறது, எங்கே மடிகிறது என்று கண்ணுக்குப் புரிகிறது. கதவின் மேல்பாதி வானத்தையும் கீழ்ப்பாதி தரையையும் காட்டும். இரண்டும் சேரும் இடத்தில் அடிவானம் ஒரு கோடாக ஓடும். மரமும் மின்கம்பமும் அந்தக் கோட்டை உடைத்துவிடும், பாலாற்றங்கரை போன்ற வெட்டவெளியில் அது நீளமாக ஓடும். வேலூர்க்காரர்களுக்கு இன்னொரு வசதி, மலைகள் ஊருக்குக் கிழக்கே நிற்கின்றன. மேற்கே முதுகைக் காட்டி நின்றால் காருக்கு வெளிச்சம், பின்னணிக்கு மலை.

தூரத்தையும் கவனியுங்கள். நாலு மீட்டர் நீளக் காரின் முன்பக்கம் இரண்டு மீட்டரில் இருந்தால் பின்பக்கம் ஆறு மீட்டரில் இருக்கும், அதாவது மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் தெரியும். மூக்கு மட்டும் வீங்கிவிடும். பத்து மீட்டர் தள்ளிப் போய் ஜூம் செய்தால் இந்த வித்தியாசம் வெகுவாகக் குறையும்.

சரி, பகலில்தான் எடுத்தாக வேண்டும் என்றால்? போலரைசர் ஃபில்டர் உதவும். லென்ஸுக்கு முன்னால் மாட்டும் கண்ணாடி அது, ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும். கண்ணாடியிலோ பூச்சிலோ பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வு பெரும்பாலும் ஒரே தளத்தில் இருக்கும். பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 56 டிகிரி கோணத்தில் பார்த்தால், ஏறக்குறைய முழுவதும் அப்படித்தான். ஃபில்டரை மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் அந்த ஒளி அடங்கி, முன்கண்ணாடி வழியாக உள்ளே இருக்கும் சீட் தெரியும். குரோம் பூச்சு உலோகம், அதன் பளபளப்பை ஃபில்டரால் அடக்க முடியாது.

அப்போது பக்கக் கண்ணாடிகளில் திட்டுத் திட்டாகப் புள்ளிகள் தெரிந்தால் துணி எடுத்துத் துடைக்க வேண்டாம். உறுதிக்காகக் கண்ணாடியைச் சூடாக்கிச் சட்டென்று காற்றடித்துக் குளிரவைத்தபோது உள்ளே தங்கிப்போன இறுக்கம் அது.