நூறு சதவீதம் காட்டினால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று பொருளல்ல

டச்பேட் அழுந்தவில்லை, அதை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்று கொண்டுவரப்படும் மடிக்கணினியைத் திறந்தால், உள்ளே பேட்டரி உப்பிக் கிடப்பது பழுது பார்க்கும் எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. அண்மையில் வந்த ஒன்றில் கீழ்மூடியே விலகியிருந்தது. அதன் உரிமையாளரான கல்லூரி மாணவி, விலகிய மூடியை டேப் ஒட்டி இறுக்கிப் பல வாரங்கள் பயன்படுத்தியிருக்கிறார். முன்பே ஏன் காட்டவில்லை என்று கேட்டதற்கு, "சார்ஜ் நூறு வரைக்கும் ஏறுதே சார்" என்றார்.

இந்த நூறு என்ற எண்ணைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். திரையின் மூலையில் தெரியும் சதவீதம், பேட்டரி இன்றைக்கு எவ்வளவு கொள்ளுமோ அதில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. வாங்கியபோது எவ்வளவு கொண்டது என்பதை அது சொல்வதில்லை. குடம் சுருங்கிச் செம்பாகிவிட்டாலும், விளிம்புவரை நீர் நின்றால் அது நிறைந்த பாத்திரம்தான். பாதித் திறனை இழந்த பேட்டரியும் ஒவ்வொரு நாளும் நூறு காட்டும். சொல்லப்போனால் முன்பைவிட விரைவாகவே நூறைத் தொடும். விரைவாக ஏறுகிறது என்று மகிழ்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

உண்மை நிலையை அறியச் செலவேதும் இல்லை. விண்டோஸில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, powercfg /batteryreport என்று கொடுத்தால் ஓர் அறிக்கை உருவாகும். அதில் டிசைன் கெபாசிட்டி (புதிதில் இருந்த திறன்), ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இன்று கொள்ளும் திறன்) என்ற இரண்டையும் ஒப்பிடுங்கள். 50,000 மில்லிவாட்-மணி (mWh) என்று தொடங்கிய பேட்டரி இன்று 40,000 காட்டினால் 80 சதவீதம் மிச்சம். அதை மாற்றச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள். 25,000 அளவுக்கு இறங்கி, உங்கள் வேலைக்கும் நேரம் போதவில்லை என்றால் மாற்றிவிடலாம். மேக்புக்கில் பேட்டரி அமைப்பிலேயே அதன் நலம் குறிக்கப்பட்டிருக்கும். 30 சதவீதம் காட்டும்போதே திடீரென அணைந்துபோவதும் பேட்டரி தளர்ந்ததன் அடையாளமாகவே பெரும்பாலும் இருக்கும்.

முழுவதுமாகத் தீரவிட்டுச் சார்ஜ் செய்தால் பழைய திறன் திரும்பும் என்ற அறிவுரை நிக்கல் காட்மியம் என்ற பழைய வகை பேட்டரிகள் இருந்த காலத்தின் மிச்சம். இன்றைய மடிக்கணினிகளில் உள்ள லித்தியம் அயன் பேட்டரியில் அது சதவீதம் காட்டும் கணக்கைச் சரிசெய்யலாமே தவிர, இழந்த திறனை மீட்காது. அடிக்கடி அப்படிச் செய்வது கேடு. நாள் முழுவதும் சார்ஜரிலேயே வைத்திருப்பவர்கள், கணினியில் வசதி இருந்தால் 80 சதவீதத்தில் நிறுத்திவையுங்கள். மெத்தைமேல் வைத்து இயக்காதீர்கள். வெப்பமும் முழுச் சார்ஜும் சேர்ந்தே பேட்டரியை விரைவில் முதுமையாக்குகின்றன.

உப்பிய பேட்டரிக்கு இந்தக் கணக்கெதுவும் பொருந்தாது. திறன் 90 சதவீதம் இருந்தாலும் அதை மாற்றியே ஆக வேண்டும். கணினியை அணைத்துச் சார்ஜரைக் கழற்றுங்கள், மூடியை அழுத்தி மூடப் பார்க்காதீர்கள். காற்றை வெளியேற்றுவதாக எண்ணி ஊசியால் குத்துவதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள், தீப்பற்றக்கூடும்.

புதியதை வாங்கும்போது பாக எண்ணையும் (பார்ட் நம்பர்) வோல்டேஜையும் மட்டுமன்றித் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள், ஏனெனில் கடை அலமாரியில் சும்மா இருக்கும் பேட்டரியும் மூப்படைகிறது. கழற்றிய பழையதைத் தயவுசெய்து குப்பைத்தொட்டியில் போடாமல், மின்கழிவு சேகரிப்பவரிடமோ மாற்றித் தந்த கடையிலோ ஒப்படையுங்கள்; குப்பை வண்டியில் அது நசுங்கித் தீப்பிடித்தால் காயப்படப் போவது தூய்மைப் பணியாளர்.