மனக்காயத்துக்கும் சிகிச்சை கேட்கலாம்: 14416 எண்ணும் 2017 சட்டமும் தரும் உரிமைகள்

அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் நடக்கும் மருத்துவமனைகளில் மனநலச் சிகிச்சை பெற இந்தியாவில் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 18ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. 2018 முதல் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஆனாலும் விபத்து, வன்முறை, வெள்ளம், திடீர் மரணம் என்று ஏதோ ஒன்றில் அடிபட்டு நிற்கும் குடும்பங்களில் பலருக்கு இப்படி ஓர் உரிமை இருப்பதே தெரிவதில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பேரதிர்ச்சி என்ன செய்யும் என்று பார்த்துவிடலாம். நடந்தது கண்முன் திரும்பத் திரும்ப வரும். கெட்ட கனவு வரும். அந்தத் தெருப் பக்கம் போகவே கால் வராது. கதவு சாத்தும் சத்தத்துக்குக்கூட உடம்பு தூக்கிப்போடும். சிலர் எரிந்து விழுவார்கள், சிலர் எதிலும் ஒட்டாமல் மரத்துப் போயிருப்பார்கள். முதல் சில வாரங்களில் இவையெல்லாம் வருவது இயல்பு. பெரும்பாலானவர்கள், கூட ஆள் இருந்து சோறும் தூக்கமும் ஓரளவு கிடைத்தால், மெல்ல மீண்டுவிடுகிறார்கள். ஒரு மாதத்துக்கு மேல் இவை நீடித்து, வேலைக்கோ பள்ளிக்கோ போக முடியாத நிலை இருந்தால் அது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயாக இருக்கக்கூடும். அதற்குப் பலன் தரும் பேச்சு வழிச் சிகிச்சைகள் உள்ளன. சாகலாம் என்ற நினைப்பு வந்தால் மட்டும் ஒரு மாதக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே உதவி தேட வேண்டும்.

இந்த முதல் வாரங்களில் வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாதிக்கப்பட்டவரை உட்கார வைத்து "என்ன நடந்தது, முழுசா சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. அவராகப் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் விடுங்கள். பக்கத்து மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம். முதல் மாதத்தில் பேரதிர்ச்சி அறிகுறிகளுக்காக டயஸிபாம் போன்ற பென்ஸோடயஸிபைன் வகை மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் மருத்துவர்களுக்கே அறிவுறுத்தியிருக்கிறது.

சரி, யாரை அழைப்பது? 14416. இது மத்திய அரசின் டெலி மானஸ், அதாவது தொலைபேசி வழி மனநல உதவிச் சேவை. 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரிலும் இதைச் சொல்கிறார்கள். இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும், கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். அந்த எண் கிடைக்காவிட்டால் 1800 891 4416 என்ற எண்ணிலும் அழைக்கலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். அவரால் முடியாத நிலை என்றால் மனநல மருத்துவரிடம் இணைப்பார், அல்லது மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் நேரில் எங்கே போக வேண்டும் என்று சொல்வார். பாதிக்கப்பட்டவரே பேச வேண்டும் என்பதில்லை. "என் தம்பி இப்படி இருக்கிறான், நான் என்ன செய்யட்டும்" என்று நீங்களும் கேட்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் இந்த எண்ணில் நேரம் போக்காமல் 108-ஐ அழையுங்கள்.

நேரில் போனால், அரசு சமுதாய சுகாதார நிலையம் முதல் மேலே உள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகளை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது அதே 18ஆவது பிரிவு. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் வீடற்றவர்களுக்கும் சிகிச்சையே இலவசம். 23ஆவது பிரிவின்படி, நீங்கள் சொல்வதும் உங்களுக்குத் தரும் சிகிச்சையும் ரகசியம். பக்கத்து வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ மருத்துவமனை சொல்லக் கூடாது.

இனி, குடும்பங்கள் அதிகம் பயப்படும் விஷயம். தற்கொலைக்கு முயன்றவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் வீட்டு வைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்துகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்தப் பயம் ஒரு காலத்தில் நியாயமானதுதான். இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றம் என்று வைத்திருந்தது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு அதன் பல்லைப் பிடுங்கியது: முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், மாறாக நிரூபிக்கப்படாதவரை அவர்மீது வழக்கு நடத்தக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. பிறகு 2024 ஜூலை 1 அன்று இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது 309 அதில் இடம்பெறவே இல்லை. அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுக்கவோ கட்டாயப்படுத்தவோ தற்கொலைக்கு முயல்வது மட்டும் 226ஆவது பிரிவில் குற்றமாக இருக்கிறது. மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்புவது வழக்கம். போலீஸ் வந்து விசாரிக்கலாம். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பிழைக்க வேண்டியவரைக் கொண்டுபோவதை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடாதீர்கள், இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

பாலியல் வன்முறைக்கோ அமில வீச்சுக்கோ ஆளானவர்களுக்குத் தனியான உரிமை ஒன்று இருக்கிறது. அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, உடனே இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தர வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆவது பிரிவு அது. "முதலில் எஃப்.ஐ.ஆர். கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினால் அது தண்டனைக்குரிய குற்றம், ஓராண்டு வரை சிறை உண்டு. பெண்கள் 181-ஐ அழைத்தால், சகி எனப்படும் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழிகாட்டுவார்கள். மன ஆலோசனை, மருத்துவம், சட்ட உதவி, சில நாள் தங்குமிடம் எல்லாம் அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும். வீட்டில் நடக்கும் அடி உதைக்கு ஆளானவர்களும் இந்த மையத்துக்குப் போகலாம். நாலு அலுவலகம் ஏறி இறங்கி நாலு பேரிடம் அதே கதையைச் சொல்ல வைப்பதே இன்னொரு காயம் என்பதால், இந்த மையங்களை நான் பெரிதாக மதிக்கிறேன்.

குழந்தை என்றால் 1098. குழந்தைகள்மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் கீழ் வரும் வழக்கில் விசாரணை முடியும்வரை குழந்தையோடு துணை நிற்க ஓர் ஆதரவு நபரை மாவட்ட குழந்தைகள் நலக் குழு நியமிக்க முடியும். குழுவிடம் அதைக் கேட்டுப் பெறுங்கள். ஒன்றை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்: குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் மருத்துவரும் ஆலோசகரும்கூடக் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். ரகசியம் காக்கும் விதி இதற்குப் பொருந்தாது.

இன்ஷூரன்ஸ் வைத்திருப்பவர்களுக்கு: மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி, உடல் நோய்க்குக் காப்பீடு தரும் நிறுவனம் அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும். "மனநலம் என்றால் பணம் வராது" என்று முகவர் வாய்வார்த்தையாகச் சொன்னால் நம்பிவிடாதீர்கள், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்குத்தான் பணம் தருகின்றன. வாரம் ஒருமுறை ஆலோசகரைப் பார்த்து வரும் செலவுக்கு உங்கள் பாலிசியில் இடம் இருக்கிறதா என்று தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவமனையில் மருந்து இல்லை என்றாலோ, மரியாதையில்லாமல் நடத்தினாலோ, முதலில் அங்குள்ள பொறுப்பு மருத்துவ அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள். பதில் திருப்தியில்லை என்றால் மனநல மறுஆய்வு வாரியத்துக்கும், அடுத்து மாநில மனநல ஆணையத்துக்கும் போகலாம். இந்தச் சட்டம் தரும் உரிமைகளுக்காக இலவச சட்ட உதவி கேட்கவும் 27ஆவது பிரிவு வழி செய்கிறது. அதற்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100-ஐ அழைக்கலாம்.