‘அலூசிவ்’ என்னும் பெயரடை

ஆங்கிலத் திறனாய்வாளர் ஒரு கவிஞரின் நடையை ‘அலூசிவ்’ (allusive) என்று சொன்னால், அந்த நடை ஒரு நூலையோ பழங்கதையையோ வரலாற்று நிகழ்ச்சியையோ பெயர் சொல்லாமல் தொட்டுச் செல்கிறது என்றும், சொல்லாமல் விட்டதைப் படிப்பவரே இனங்காண வேண்டும் என்றும் பொருள். பெயரை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் அது வெறும் மேற்கோளாகவோ குறிப்பிடலாகவோ ஆகிவிடும்.

இதன் மூலம் ‘அல்லூதெரே’ என்னும் லத்தீன் வினை. ‘நோக்கி’ எனப் பொருள்படும் முன்னொட்டும் விளையாடுதலைக் குறிக்கும் ‘லூதெரே’யும் சேர்ந்த அச்சொல், ஒன்றோடு விளையாடுதலையும் அதை மெல்லத் தொட்டுப் பேசுதலையும் குறித்தது. அந்த விளையாட்டு இன்றும் மறையாதிருக்கும் இடம் பிரிட்டனின் குலச்சின்னக் கலை. போஸ்-லயன் என்னும் பிரபுக் குடும்பத்தின் கேடயத்தில் ஆங்கிலத்தில் ‘போ’ எனப்படும் வில்லும் ‘லயன்’ எனப்படும் சிங்கமும் இருப்பதுபோல, குடும்பப் பெயரைப் படத்தால் உணர்த்தும் சின்னங்களுக்கு ‘அலூசிவ்’ என்ற அடையும் வழங்குகிறது. மாயையான (illusive) என்பதற்கும் பிடிபடாத (elusive) என்பதற்கும் உரிய பெயரடைகள் அதே வேரில் பிறந்தவை. இரண்டும் ‘இலூசிவ்’ என்றே ஒலிப்பதால், எழுத்துக்கூட்டலைக் கவனித்தே அவற்றைப் பிரித்தறிய முடியும்.

தமிழில் இதற்கு ‘மறைமுகமான’ என்று எழுதுவது வழக்கம். மறைமுக வரி, மறைமுகத் தேர்தல் என எங்கும் செல்லும் அச்சொல் இங்கே மிகவும் அகலமானது. ‘குறிப்பான’ என்பதோ நேர்மாறான பொருளையே தந்துவிடும். “குறிப்பான காரணம் எதுவும் இல்லை” என்னும்போது திட்டவட்டமான காரணம் இல்லை என்றுதானே கொள்கிறோம்? ‘சாடையான’ என்பது பொருளால் நெருங்கினாலும், ஒருவரைக் குத்திப் பேசும் தொனி அதில் ஏறிவிட்டது.

சொல்லுக்குத்தான் தேட வேண்டியிருக்கிறதே தவிர, உத்தி நமக்கு மிகப் பழையது. புறநானூற்றின் 39ஆம் பாடலில் மாறோக்கத்து நப்பசலையார், கிள்ளிவளவனைத் ‘துலாஅம் புக்கோன் மருக’ என்று விளிக்கிறார். புறாவின் துயர் தீர்க்கத் தராசில் ஏறிய சிபியின் பெயர் அங்கே இல்லை. கதை அறிந்தவருக்கு, ஈகை உன் குலத்தின் இயல்பு, அது உனக்குத் தனிப் புகழ் ஆகாது என்று புலவர் அடுத்துச் சொல்வதன் முழு வலிமையும் விளங்கும். இன்று ஒருவரை “முல்லைக்கும் தேர் கொடுப்பவர்” என்று பாரியின் பெயரைச் சொல்லாமல் பாராட்டினாலும் அதே உத்திதான்.

ஆகவே ‘குறிப்பால் சுட்டும்’ என்பதே பொருத்தமான பெயரடை என்பது என் கருத்து. ஒரு நாவலின் தலைப்பு பழைய காப்பியம் ஒன்றை நினைவூட்டினால் அதைக் ‘குறிப்பால் சுட்டும் தலைப்பு’ எனலாம். நடையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அத்தொடர் நீண்டு தொங்குவதால், ‘மறைகுறிப்புகள் செறிந்த நடை’ என்று எழுதுவது நன்றாக அமையும்.