தட்டு காலியாகிறது, குட்டி ஏன் தேறவில்லை?

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலை. அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா, பிரம்புக் கூடையில் துண்டு போட்டுப் பூனைக்குட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். மீன்சந்தைக்குப் பின்னால் நனைந்து கிடந்ததை எடுத்துவந்து பத்து நாள் ஆகிறதாம்.

"எவ்வளவு போட்டாலும் காண மாட்டேங்கு டாக்டரம்மா. தட்டை நக்கி முடிச்ச கையோட திரும்பக் கத்துது. வயித்தப் பாருங்க, எப்படி இருக்குன்னு. ரொம்பத் திங்குதேன்னு ரெண்டு நாளாக் கொறைச்சுட்டேன்."

தராசில் வைத்தேன். 620 கிராம். பால்பற்கள் எல்லாம் முளைத்திருந்தன. இரண்டு மாதம் தாண்டி, இரண்டரையை ஒட்டிய வயது. அந்த வயதில் ஒரு கிலோ அளவில் இருக்க வேண்டும். வயிறு மட்டும் உருண்டு நின்றது. முதுகில் விரலை ஓட்டினால் எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டின. மயிரில் பளபளப்பே இல்லை. என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். காலையில் பாலும் பிஸ்கட்டும், மத்தியானம் தயிர்சோறு, ராத்திரி மீன்குழம்பு பிசைந்த சோறு.

அந்த அம்மா பாசத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் குட்டி பட்டினியில்தான் இருந்தது.

'பசியைக் குறைக்க ஏதாவது மருந்து இருக்கா?' என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். குட்டி ஓயாமல் கத்தினால் நம் வீடுகளில் அதைப் பேராசை என்று எடுத்துக்கொள்கிறோம். பூனைக்குட்டி வளர்கிற வேகத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பிறக்கும்போது சுமார் 100 கிராம் இருக்கும். நன்றாக வளரும் குட்டி வாரத்துக்கு ஏறத்தாழ 100 கிராம் கூடும். இரண்டு மாதத்தில் எட்டு ஒன்பது மடங்கு. ஒரு கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்கு 200 கலோரிக்கு மேல் வேண்டும்; நான்கு கிலோ எடையுள்ள பெரிய பூனைக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். தாய் தின்பதைக் குட்டியும் தின்றாக வேண்டும், ஆனால் அதன் இரைப்பையோ மிகச் சிறியது. அதனால்தான் ஒரே வேளையில் நிறைத்துவிட்டு அடுத்த வேளை வரை காத்திருக்க அதனால் முடிவதில்லை.

அடுத்தது, தட்டில் என்ன இருக்கிறது என்பது. பூனை முழுக்க முழுக்க இறைச்சி தின்றே வாழப் பிறந்த உயிர். மாட்டைப் போலவோ நம்மைப் போலவோ சோற்றை வைத்து உடம்பை ஓட்ட அதற்கு முடியாது. வளரும் குட்டியின் உணவில் நீரை நீக்கிப் பார்த்தால் 30 சதவீதமாவது புரதம் இருக்க வேண்டும். அரிசியில் அது 7, 8 சதவீதம்தான். தயிர்சோறு வயிற்றை நிரப்பும், குட்டியின் உடம்பு கேட்டது அதில் கிடைக்காது, குட்டி மறுபடி கத்தும். டாரின் என்ற சத்தும் வேண்டும். இறைச்சியிலும் மீனிலும் மட்டுமே போதுமான அளவு கிடைப்பது அது. நீண்ட நாள் குறைந்தால் கண்ணின் விழித்திரையும் இதயத் தசையும் கெடும். பசும்பாலைப் பற்றி ஒரு வார்த்தை: தாய்ப்பாலை மறந்த குட்டிகள் பலவற்றுக்கு அது செரிக்காது. கழிச்சலாகப் போகும், போனதும் இன்னும் பசிக்கும்.

அப்படியானால் கறியும் மீனும் மட்டும் போடலாமே என்பார்கள். அதிலும் ஒரு ஆபத்து உண்டு. எலும்பில்லாத கறியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. வேகவைத்த கோழிக்கறியே இரண்டு மாதம் தின்று வளர்ந்த குட்டி ஒன்று சோபாவிலிருந்து குதித்துப் பின்காலை முறித்துக்கொண்டு வந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு காகிதம் போலத் தெரிந்தது. அந்தப் படத்தை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. வளர்த்தவர் அதற்கென்றே தினமும் கடைக்குப் போய்க் கறி வாங்கியவர்.

ஆகவே, அடிப்படையாகக் குட்டிகளுக்கென்றே செய்த முழுமையான பூனை உணவைக் கொடுங்கள். நாய் உணவு ஆகாது. உலர் உணவு என்றால் ஒரு கிலோ குட்டிக்கு நாளைக்கு 50 கிராம் அளவில் வரும். பையின் பின்னால் எடைக்கேற்ற அட்டவணை இருக்கும், அதையும் பாருங்கள். அதை நான்கு, ஐந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். நான்கு மாதத்துக்குப் பிறகு மூன்று நான்கு வேளை, ஆறு மாதம் தாண்டினால் இரண்டு மூன்று. பக்கத்தில் எப்போதும் தண்ணீர். சாளையோ நெத்திலியோ கொடுக்க ஆசைப்பட்டால் முள் நீக்கி, உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து, மொத்த உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் கொடுங்கள். பச்சை மீன் வேண்டாம். சில மீன்களில் உள்ள ஒரு நொதி பி1 வைட்டமினை அழித்துவிடும், வலிப்பு வரை போகலாம். குழம்பு பிசைந்த சோறு கூடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சைவ வீடுகளில் கறி சமைக்கத் தயங்குவார்கள், அது புரிகிறது. பாக்கெட் உணவு அந்தச் சங்கடத்துக்கும் வழி.

இனி அந்த உருண்டை வயிறு. தெருவில் பிறந்த குட்டி என்றால் குடற்புழு இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உருண்டைப் புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடுகிறது. சில சமயம் வாந்தியில் இடியாப்ப இழை போல நெளியும். மூன்று வார வயதில் தொடங்கி, இரண்டு மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை மருந்து கொடுக்க வேண்டும். எடை போட்டுத்தான் அளவு. வீட்டுப் பிள்ளைகளுக்கு வாங்கிய பூச்சி மருந்தில் மிச்சத்தை ஊற்றாதீர்கள். ஆசனவாயில் அரிசி போல ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு, தெள்ளுப்பூச்சி வழியாக வருவது. தெள்ளுக்கும் சேர்த்து மருந்து வேண்டும். ஆனால் நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்தைப் பூனைக்குப் போடவே போடாதீர்கள். அவற்றில் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி பூனையைக் கொன்றுவிடும். மலத்தை அன்றன்றே அப்புறப்படுத்திக் கை கழுவுங்கள், இந்தப் புழுக்கள் குழந்தைகளுக்கும் தொற்றும்.

உண்மையிலேயே தேவைக்கு மேல் தின்னும் குட்டிகளும் உண்டு. ஏழு மாதப் பூனை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். விலாவைத் தடவினால் எலும்பே கைக்குப் படவில்லை. கருத்தடை செய்து இரண்டு மாதம். அறுவைக்குப் பிறகு பசி கூடும், தேவையோ குறையும். அதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. விசாரித்தால், காலையில் தாத்தா ஒரு பிடி, பள்ளி விட்டு வந்த பேத்தி ஒரு பிடி, அம்மா கணக்காக இரண்டு வேளை. அந்த நாளுக்கான உணவை விடியற்காலையில் ஒரு டப்பாவில் அளந்து வையுங்கள், யார் கொடுத்தாலும் அதிலிருந்து மட்டும், டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான் என்றேன். தாத்தாவும் ஒத்துக்கொண்டார். கத்தும்போது கொடுக்காமல், வேளைக்குக் கொடுங்கள். விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பும் குட்டி என்றால், படுக்கப் போகுமுன் பத்து நிமிடம் கயிறு இழுத்து ஓடவிட்டு, அதன் பிறகு கடைசி வேளையை வையுங்கள். ஒன்றுக்கு மேல் பூனை இருந்தால் தட்டுகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள், பிடுங்கித் தின்னும் அவசரம் குறையும்.

நன்றாகத் தின்றும் இரண்டு வாரம் எடை ஏறாவிட்டாலோ, கழிச்சல் நிற்காவிட்டாலோ, மலத்தில் இரத்தம் இருந்தாலோ மலப் பரிசோதனைக்குக் கொண்டுவாருங்கள். தோல் நோய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அதனாலும் பசி கூடும். ஓயாமல் தின்ற குட்டி திடீரென்று தட்டைத் திரும்பிப் பார்க்காமல் சுருண்டு படுத்தால் மறுநாள் வரை காத்திருக்கவே வேண்டாம்.

கூடையில் வந்த குட்டிக்குப் புழு மருந்து கொடுத்தேன். ஐந்து வேளை, ஒவ்வொரு வேளையும் கொஞ்சம் கொஞ்சமாக என்று எழுதிக் கொடுத்தேன். காய்ந்த வயிற்றில் மொத்தமாகக் கொட்டினால் வாந்தியாக வந்துவிடும். வாரம் ஒரு முறை பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசில் எடை பார்க்கச் சொன்னேன். மூன்று வாரம் கழித்து வந்தபோது அந்த அம்மாவின் கையில் ஒரு குயர் நோட்டு. பென்சிலால் எழுதியிருந்தார்: 620, 710, 830, 945.

"இப்போ கத்துதாம்மா?" என்றேன்.

"வேளைக்குக் கத்தும். நேத்து பாதியை வச்சுட்டுப் போய் எம் மடியில படுத்துக்கிட்டு" என்றார்.