பிட்ரேட்: வேகமா, விகிதமா, வீதமா?

ஒரு படத்தை டிவிடியில் ஏற்ற எந்த மென்பொருளைத் திறந்தாலும் இரண்டு பெட்டிகள் வந்து நிற்கும். ஒன்று வீடியோ பிட்ரேட், மற்றொன்று ஆடியோ பிட்ரேட். முதன்முதலாகப் பார்ப்பவர் இரண்டையும் தரத்தைக் கூட்டும் திருகு என்று நினைத்து, இரண்டையும் கடைசி வரை ஏற்றிவிடுவார். நானும் அப்படித்தான் செய்தேன். வட்டில் இடம் போதாது என்று மென்பொருள் கையை விரித்த பிறகுதான், அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று யோசிக்கத் தோன்றியது.

இதைத் தமிழில் பிட் வேகம், பிட் விகிதம், பிட் வீதம், துண்மி வீதம் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். இவற்றில் எது சரி என்பதைச் சொல் அழகை வைத்து முடிவு செய்ய முடியாது. வட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் தானே தெரிந்துவிடும்.

முதலில் ‘பிட்’. ஆங்கிலத்தில் பிட் என்றால் சிறு துண்டு என்பது பழைய பொருள். கடிப்பதைக் குறிக்கும் சொல்லோடு உறவுள்ளது. ஒரு கடியில் வாய்க்குள் போகும் அளவு. பிட் நோட்டீஸிலும், தேர்வறையில் மறைத்து எடுத்துப் போகும் பிட்டிலும் நாம் பயன்படுத்துவது இந்தத் துண்டைத்தான். கணினியின் பிட், அதாவது 0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கம், வேறு வழியாக வந்தது. பைனரி, டிஜிட் என்ற இரு சொற்களின் முன்னையும் பின்னையும் ஒட்டி, 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகக் குறிப்பொன்றில் கணிதவியலர் ஜான் டுக்கி இதை எழுதினார். 1948இல் கிளாட் ஷானன் தகவல் கோட்பாடு பற்றிய தன் புகழ்பெற்ற கட்டுரையில் இதை எடுத்தாண்டு, சொல்லுக்குரிய பெருமையை டுக்கிக்கே கொடுத்தார். எட்டு பிட் சேர்ந்த பைட்டின் கதை இன்னும் சுவையானது. 1956இல் ஐபிஎம்மில் வெர்னர் புக்ஹோல்ஸ் அதற்குப் பெயரிட்டபோது ‘கடி’ என்ற ஆங்கிலச் சொல்லையே எடுத்தார். கைதவறி ஓர் எழுத்து விடுபட்டால் பிட் என்று ஆகிவிடுமே என்று எழுத்துக்கூட்டலை மட்டும் மாற்றி வைத்தார். ஆக, ஒரு துண்டு, ஒரு கடி.

தமிழில் ‘பிட்டுப் பிட்டு வைப்பது’ என்று சொல்கிறோமே, அதற்கும் இதற்கும் உறவு உண்டா என்று சிலர் கேட்பதுண்டு. கிடையாது. பிளப்பதைக் குறிக்கும் வினை அது. ஒலி ஒத்துப்போவது தற்செயல். பிட்டுக்குத் தமிழாக இரும இலக்கம் என்பது பொருள் விளக்கமாக நன்றாக இருக்கிறது. ஆனால் ‘நொடிக்கு 4,000 கிலோ இரும இலக்கம்’ என்று யாராலும் பேச முடியாது. பிட்டுக்கு இன்னொரு தமிழ்ச் சொல்லான துண்மி அழகான ஆக்கம், குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. இருந்தாலும் பிட் என்பதை அப்படியே வைத்துக்கொள்வதே என் வழக்கம். மீட்டரையும் லிட்டரையும் மொழிபெயர்க்காத நாம் இதை மட்டும் ஏன் படுத்த வேண்டும்?

சிக்கல் அடுத்த பாதியில்தான். ‘வேகம்’ நிச்சயமாகத் தவறு. பிட்ரேட்டைக் கூட்டினால் படம் வேகமாக ஓடாது. ‘விகிதம்’ என்பது இரண்டு அளவுகளை ஒப்பிடுவது. பள்ளிக் கணக்கில் 3:2 என்று போடுவோமே, அது. வட்டி விகிதம் என்ற வழக்கு இருப்பதால் இதையும் ஏற்கலாம் என்பார்கள். ஆனால் படத்துக்கும் ஒலிக்கும் இடத்தைப் பிரிக்கும் பேச்சில் ‘ஒலி பிட் விகிதம்’ என்று எழுதினால், படத்துக்கு எத்தனை பங்கு, ஒலிக்கு எத்தனை பங்கு என்ற கணக்காகவே காதில் விழும்.

வீதம் என்பது பங்கு. ‘ஆளுக்கு இரண்டு வீதம் கொடு’ என்று சொல்லும்போது, கையில் உள்ள மொத்தம், வாங்க வருபவர்களின் எண்ணிக்கை, ஒருவருக்கு எவ்வளவு என்ற மூன்றும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. ஆங்கிலத்தின் ரேட்டும் இங்கேதான் பிறந்தது. ‘கணக்கிட்ட பங்கின்படி’ என்ற பொருள் தரும் இலத்தீன் தொடரில், கணக்கிட்ட என்பதைக் குறித்த சொல்லே பிரெஞ்சு வழியாக ரேட் ஆனது. பிட்ரேட் என்பது நொடிக்கு இத்தனை பிட் வீதம். வட்டுதான் மொத்தம், நொடிகள்தான் வரிசையில் நிற்பவர்கள்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி, அதாவது 470 கோடி பைட். எட்டால் பெருக்கினால் 3,760 கோடி பிட். படம் இரண்டரை மணி நேரம் என்றால் 9,000 நொடி. வகுத்தால் நொடிக்குச் சுமார் 4,178 கிலோபிட். படத்தையும் ஒலியையும் பின்னிச் சேர்ப்பதற்கும் மெனுவுக்கும் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு 4,000 என்று வைத்துக்கொள்வோம். இதற்குள்தான் குடும்பம் நடத்த வேண்டும்.

ஒலி முதலில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஒலியைச் சுருக்கி வைக்கும் முறையான டால்பி ஏசி-3இல், இரண்டு தட ஸ்டீரியோவுக்கு வழக்கமாக 192 கிலோபிட். ஆறு தடங்கள் கொண்ட 5.1 ஒலிக்கு டிவிடியில் அதிகபட்சம் 448. இந்த வீதம் மாறாது. திரையில் யாரும் பேசாமல் மௌனமாக நின்றாலும் அதே 448 போய்க்கொண்டே இருக்கும். மிச்சம் 3,552 படத்துக்கு. 192 வைத்திருந்தால் 3,808 கிடைத்திருக்கும். இந்த வேறுபாட்டைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம்.

ஆனால் சுருக்காத பிசிஎம் ஒலியைப் போட்டால் கதையே வேறு. நொடிக்கு 48,000 மாதிரி (ஒலியை ஒருமுறை அளந்து குறிப்பது ஒரு மாதிரி), மாதிரிக்கு 16 பிட், இரண்டு தடம். பெருக்கினால் 1,536 கிலோபிட். இரண்டரை மணி நேரத்துக்கு 172.8 கோடி பைட், வட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். படத்துக்கு மிஞ்சுவது 2,464. பாட்டுக்காகவே பார்க்கும் ஒரு படத்துக்கு நான் ஒருமுறை இதைச் செய்தேன். ஒலி துல்லியமாக வந்தது. மழைக்காட்சி வந்ததும் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக உடைந்தது. இருட்டுச் சுவரில் பாசி படர்ந்தது போல் திட்டுகள் நகர்ந்தன. டிவிடியில் படத்தைச் சுருக்கும் எம்பெக்-2 முறை, பிட் போதாமல் பசியோடு இருக்கும்போது முதலில் கைவிடுவது மழை, புகை, தண்ணீர், இருட்டு ஆகியவற்றைத்தான். ஒலியை 448க்கு இறக்கி மறுபடி ஏற்றினேன். மழை மழையாக வந்தது, என் காதுக்கு எதுவும் குறையவில்லை.

இதனால்தான் ‘ஆடியோ, வீடியோ பிட்ரேட்டைச் சமன் செய்வது’ என்ற தொடரும் எனக்கு இடிக்கிறது. சமன் என்றதும் தராசின் இரு தட்டும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும் என்று தோன்றும். இங்கே ஒரு தட்டு மற்றதைவிடப் பல மடங்கு கனமாக இருப்பதுதான் சரியான நிலை. பங்கீடு என்று சொன்னால் பொருந்தும். ‘பிட் பங்கீடு’ என்று நான் எழுதிப் பார்த்தேன், யாரும் விளக்கம் கேட்கவில்லை.

குறும்படம் போடுகிறவருக்கு இந்தத் தலைவலி கிடையாது. ஒரு மணி நேரப் படத்துக்கு அதே வகுத்தலைச் செய்தால் 10,444 கிலோபிட் வரும். ஆனால் டிவிடி விதிப்படி எல்லாம் சேர்ந்து 10,080ஐத் தாண்டக் கூடாது, படம் மட்டும் 9,800ஐத் தாண்டக் கூடாது. இடம் இருந்தாலும் கொட்ட முடியாது. புளூ-ரேயில் படத்துக்கு மட்டுமே 40,000 வரை போகலாம்.

வீதத்தை எடுத்துக்கொண்டால் கூடவே ஒரு குடும்பமும் வந்துவிடுகிறது. எளிய காட்சிக்கும் கடினமான காட்சிக்கும் ஒரே அளவு கொடுத்தால் மாறா வீதம். தேவைக்கேற்பக் கூட்டிக் குறைத்தால் மாறும் வீதம். படத்தை ஒருமுறை முழுக்க ஓட்டிப் பார்த்து, எங்கே எவ்வளவு வேண்டும் என்று குறித்துக்கொண்டு, இரண்டாம் ஓட்டத்தில் பகிர்வது இதில் நல்ல முறை. சட்டக வீதம் (நொடிக்கு எத்தனை படச் சட்டகம்), மாதிரி வீதம் (நொடிக்கு எத்தனை ஒலி மாதிரி) என்பனவற்றையும் இதே அச்சில் வார்க்கலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: இலங்கைத் தமிழில் ‘10 வீதம்’ என்றால் நூற்றுக்குப் பத்து. அங்குள்ளவர்களும் படிக்கும் இடத்தில் ‘நொடிக்கு’ என்பதை விடாமல் எழுதினால் குழப்பம் வராது.

அப்புறம், அலகு. ஆங்கிலத்தில் பிட்டுக்குச் சிறிய எழுத்து, பைட்டுக்குப் பெரிய எழுத்து என்று பிரித்துக்கொள்கிறார்கள். நம் எழுத்தில் சிறிது பெரிது இல்லை. இரண்டையும் சுருக்கினால் எட்டு மடங்கு பிழை சத்தமில்லாமல் உள்ளே நுழைந்துவிடும். கிலோபிட், மெகாபைட் என்று முழுதாகவே எழுதிவிடுவது நல்லது. ஒரு நண்பர் கிலோபிட்டைச் சுருக்கி ‘ஒலி: 192 கி.பி.’ என்று எழுதி அனுப்பியிருந்தார். அந்தக் காலத்தில் ஏது டால்பி என்று பதில் போட்டேன்.