எழுத்தை விடு, ஊரைப் பிடி: அயர்லாந்தில் மூதாதையரைத் தேடும் முறை

"எங்கள் பெயர் ரைலி. ஓ'ரைலி வேறு குடும்பம், எங்களுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை." அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ பிறந்து, கொள்ளுத்தாத்தாவின் அயர்லாந்து ஊரைத் தேடுகிறவர்கள் பலர் இந்த உறுதியோடுதான் தொடங்குகிறார்கள். பாதித் தேடல் அங்கேயே கெட்டுப்போகிறது.

ஐரிஷ் மொழியில் பெயருக்கு முன்னால் வரும் 'ஓ' வழித்தோன்றலைக் குறிக்கும், 'மாக்' மகனைக் குறிக்கும். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கில ஆட்சி இறுகியபோது பல குடும்பங்கள் இந்த முன்னொட்டைக் கைவிட்டன. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரிஷ் மறுமலர்ச்சி இயக்கம் பரவியதும் பேரப்பிள்ளைகள் அதைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரே வீட்டில் தாத்தா ரைலியாகவும் பேரன் ஓ'ரைலியாகவும் பதிவாகியிருப்பது சர்வ சாதாரணம்.

அதைவிட முக்கியம், பெயரை எழுதியவர் பெரும்பாலும் பெயருக்குரியவர் அல்ல. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயி தன் பெயரை ஐரிஷ் உச்சரிப்பில் சொல்வார்; எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கில எழுத்துக்கூட்டலில் எழுதிக்கொள்வார். கத்தோலிக்கத் தேவாலயப் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஜேம்ஸ் லத்தீனில் 'யாக்கோபுஸ்' ஆகிவிடுவார். சில பெயர்கள் மொழிபெயர்ப்பிலேயே மறைந்துபோயின. 'மாக் கவன்' என்றால் கொல்லன் மகன். அவர்களில் சிலர் மெக்கோவன் ஆனார்கள். கேவன் மாவட்டத்தில் பலர் நேராக ஸ்மித் ஆகிவிட்டார்கள். கால்வே பக்கம் 'மாக் கன்ரீ' குடும்பங்கள் கிங் ஆயின. கடைசி அசை அரசனைக் குறிக்கும் ஐரிஷ் சொல்போல ஒலித்ததுதான் காரணம்.

சரி, கணினி இதைச் சமாளிக்காதா? ஓரளவுக்குத்தான். ஒரேபோல ஒலிக்கும் பெயர்களை ஒரே குறியீட்டின்கீழ் சேர்க்கும் பழைய முறையான 'சவுண்டெக்ஸ்' 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. இன்று புழங்கும் வடிவத்தில் பெயரின் முதல் எழுத்து அப்படியே நிற்கும். உயிரெழுத்துகளும் ஹெச், டபிள்யூ, ஒய் ஆகியவையும் விழுந்துவிடும். மீதி மெய்களுக்கு ஒலி உறவைப் பார்த்து 1 முதல் 6 வரை எண். எல்லுக்கு 4, ஆருக்கு 6. மூன்று எண்களுக்குக் குறைந்தால் மீதியிடத்தைப் பூஜ்யம் நிரப்பும். ரைலியை எப்படி எழுதினாலும் ஆர்-400 வருகிறது, அழகு! ஆனால் ஓ'ரைலிக்கு ஓ-640. டோஹர்ட்டிக்கு டி-630, அதே குடும்பப்பெயரை நடுவில் ஒரு 'ஜி' சேர்த்து எழுதினால், அது உச்சரிப்பில் கேட்காவிட்டாலும் டி-263. கிங், ஸ்மித் விஷயத்திலோ இந்த முறை கையை விரித்துவிடும். 1890களில் அயர்லாந்துப் பிறப்பு, இறப்புப் பதிவுத் துறையில் உயர் அதிகாரியாக இருந்த ராபர்ட் மேத்தசன், ஒரே ஆள் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய பெயர்களை மாவட்டப் பதிவாளர்களிடம் கேட்டுத் தொகுத்தார். என்னைக் கேட்டால், அந்தப் பட்டியல் இன்றும் சவுண்டெக்ஸைவிட நம்பகமானது.

அடுத்த தடை ஆவணங்களே இல்லாமல் போனது. 1861, 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களை அரசே அழித்தது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போரின்போது காகிதக் கூழாயின. அதற்கு முந்தையவற்றில் பெரும்பகுதி, 1922 ஜூன் 30 அன்று உள்நாட்டுப் போரில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்து ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தபோது போயிற்று. முழுதாகக் கிடைப்பவற்றில் பழையவை 1901, 1911 கணக்கெடுப்புகளே.

ஆனால் அழிந்த தாள்களின் துணுக்குகள் எதிர்பாராத இடத்தில் தப்பின. 1909இல் 70 வயதானோருக்கு முதியோர் ஓய்வூதியம் வந்தது. எல்லாப் பிறப்புகளையும் பதிவு செய்யும் சட்டமோ 1864இல்தான் தொடங்கியது, ஆகவே அந்த வயதுக்காரர் யாரிடமும் பிறப்புச் சான்றிதழ் இல்லை. "1841 அல்லது 1851 கணக்கெடுப்பில் நான் குழந்தையாக இருப்பேன், பாருங்கள்" என்று பெற்றோர் பெயர், ஊர் எல்லாம் எழுதி விண்ணப்பித்தார்கள். எழுத்தர் தேடிப் பார்த்து, கண்டதைப் படிவத்திலேயே குறித்தார். மூலத்தாள் சாம்பலான பிறகும் இந்தப் படிவங்கள் நிலைத்தன. இப்போது தேசிய ஆவணக் காப்பகத்தில் இலவசமாகவே தேடலாம். அப்புறம், 1901க்கும் 1911க்கும் இடையில் ஒருவருக்குப் பத்துக்கும் அதிகமாக வயது ஏறியிருந்தால் வேறு ஆள் என்று தள்ளிவிடாதீர்கள். ஓய்வூதிய ஆசை பலரை மூப்பாக்கியது.

இத்தனை குழப்பத்திலும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளக்கூடியது இடம்தான். அயர்லாந்து 60,000க்கும் மேற்பட்ட 'டவுன்லேண்ட்' எனும் சிறு நிலப்பிரிவுகளாகப் பிரிந்திருக்கிறது. 1847 முதல் 1864 வரை நடந்த கிரிஃபித் நிலமதிப்பீடு ஒவ்வொரு டவுன்லேண்டிலும் யார் வீடும் நிலமும் வைத்திருந்தார் என்று சொல்கிறது. அதில் பெயர் எப்படி எழுதப்பட்டிருந்தாலும், இடமும் பக்கத்து வீட்டாரும் பொருந்தினால் துணிந்து மேலே போகலாம்.

எழுத்து மாறாமல் ஆள் மாறுவதும் உண்டு. நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் 1892 ஜனவரி 1 அன்று திறந்தபோது முதலில் பதிவானவர் கார்க் மாவட்டத்து ஆனி மூர். டெக்சாஸில் இறந்த ஒரு ஆனி மூரையே அவர் என்று பல பத்தாண்டுகள் கொண்டாடினார்கள். அந்தப் பெண் பிறந்ததே இல்லினாய் மாநிலத்தில் என்பதைக் கணக்கெடுப்புத் தாள்கள் காட்டிக்கொடுத்தன. உண்மையான ஆனி நியூயார்க்கிலேயே வாழ்ந்து 1924இல் இறந்தவர் என்பது 2006இல்தான் தெரியவந்தது. அதற்குக் கைகொடுத்தது அவருடன் கப்பலில் வந்த தம்பி பிலிப்பின் குடியுரிமை ஆவணம்.